வெளிச்சத்துக்கு வாருங்கள்

கடிதம் பிப்ரவரி நான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை வந்தது. ரோசெட்டா வென்னிங்க் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, உறையைக் கத்தியால் நேராகக் கீறினாள். எண்பத்தேழு வயதில் அவளுக்கு வருகிற கடிதங்கள் இரண்டே வகை. ஒன்று, யாரோ இறந்துபோயிருப்பார்கள். மற்றது, ஏதாவது ஓர் அலுவலகம் மகிழ்ச்சியடைந்திருக்கும். இது இரண்டாவது வகை.

மறைந்திருந்தோர் ஒளி அறக்கட்டளை பெரிதும் மகிழ்ச்சியடைந்திருந்தது. ஜெர்மன் படை நெதர்லாந்தைப் பிடித்து வைத்திருந்த ஐந்து வருடங்களில், ஹெசர்லோ ஊரில் யூதர்களை ஒளித்துவைத்துக் காப்பாற்றிய வீடுகள் எத்தனை என்று அது மூன்று வருடம் ஆராய்ந்து, பதினான்கு என்று கண்டுபிடித்திருந்தது. அதில் ஒன்பதாவது ரோசெட்டாவின் வீடு. ஆகவே வீட்டுக்கு எதிரே பதினோரு மீட்டர் உயரத்துக்கு ஒரு கம்பம் நட்டு, அதன் உச்சியிலிருந்து வெள்ளை ஒளிக்கற்றை ஒன்றை அவள் மாடி ஜன்னலுக்குள் பாய்ச்சுவார்கள். அந்தி முதல் விடியல் வரை. வருடத்தில் எல்லா நாளும். முதற்கட்டமாக இருபது வருடங்களுக்கு. கலைப்படைப்பின் பெயர் ‘வெளிச்சத்துக்கு வாருங்கள்’. மே நான்காம் தேதி, போரில் இறந்தவர்களை நாடு நினைக்கிற நாளில், மேயர் தொடங்கி வைப்பார். தங்களுக்கு இதனால் எந்தச் செலவும் இல்லை என்பது மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது.

ரோசெட்டா கடிதத்தை இரண்டு முறை படித்தாள். பிறகு மாடிக்குப் போய், தன் படுக்கையறை ஜன்னலுக்கு முன்னால் நின்றாள். அவர்கள் சொல்கிற ஜன்னல் அதுதான்.

அவளுக்கு இருட்டில்தான் தூக்கம் வரும். சும்மா விளக்கணைத்த இருட்டு போதாது. முகத்துக்கு நேரே கையை நீட்டினால் கை தெரியக் கூடாது. நான்கு வயதிலிருந்து ஏறக்குறைய ஏழு வயது வரை, அம்மா, அப்பா, எல்கன் மாமா மூவரோடும் இந்த வீட்டின் மாடியில்தான், துணி அலமாரிக்குப் பின்னால் இருந்த பலகைச் சுவருக்குள் அவள் ஒளிந்திருந்தாள். இருட்டு இருந்தவரை உயிர் இருந்தது. வெளிச்சம் வந்ததெல்லாம் டார்ச் பிடித்தவர்களின் கையோடு. போர் முடிந்து பல வருடம் கழித்து, ஒளித்துவைத்த விவசாயியின் மகன் டெர்க்கையே கட்டிக்கொண்டு இதே வீட்டுக்கு வந்தாள். முதல் வாரமே டெர்க் பச்சையாக மின்னும் கடிகாரத்தைக் கொட்டகைக்குக் கொண்டுபோனான். ஜன்னலுக்குக் கனத்த கறுப்புத் துணி தைத்துப் போட்டான். அந்தத் தெருவில் யாரும் திரைச்சீலையை மூடுவதில்லை. மறைக்க ஒன்றுமில்லை என்று காட்ட விளக்கைப் போட்டுத் திறந்தே வைத்திருப்பார்கள். ரோசெட்டா வீட்டு மாடி ஜன்னல் மட்டும் மூடியிருக்கும். ஊர் அதை அறுபது வருடமாக மன்னித்து வந்தது. டெர்க் இறந்து ஒன்பது வருடமாகிறது. துணி இன்னும் தொங்குகிறது.

“அத்தை, வேணாம்னு எழுதிப் போட்டுருங்க. அவ்வளவுதானே,” என்றான் பக்கத்து வீட்டு லம்மெர்ட். பால் லாரி ஓட்டி ஓய்வுபெற்றவன். சின்ன வயதில் வாய்க்கு வந்த ‘அத்தை’ அறுபத்தாறு வயதிலும் போகவில்லை.

“வேணாம்னு சொன்னா கேப்பாங்களா?”

“இது ஜனநாயக நாடு. கேப்பாங்க. கேட்டுட்டுத்தான் செய்வாங்க.”

முதலில் கேட்கும் கூட்டம் நடந்தது. நகர மன்றக் கட்டடத்தில் ஆளுக்கு ஒரு காபி, ஒரு பிஸ்கட். கொடுத்ததும் டப்பாவை மூடிவிட்டார்கள். திட்ட நெறியாளர் மரிஸ்கா, உயரமான, எப்போதும் தலையைச் சாய்த்துக் கேட்கிற பெண், வாசலிலேயே ரோசெட்டாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“முதல்ல ஒண்ணு. நான் உன்னை ‘நீ’ன்னே கூப்பிடலாமா? நமக்குள்ள உயரம் தாழ்வு இல்லேன்னு காட்டத்தான்.”

“கூப்பிடு,” என்றாள் ரோசெட்டா. “நீ எந்த ஊர்?”

மரிஸ்கா கைகளை விட்டுவிட்டாள்.

எல்லாருக்கும் மூன்று நிறத்தில் ஒட்டுச் சீட்டு கொடுத்தார்கள். பச்சையில் கனவு, மஞ்சளில் யோசனை, ரோஜா நிறத்தில் கவலை. ரோசெட்டா ரோஜா நிறச் சீட்டில், பள்ளிக்கூடத்தில் படித்த சாய்வெழுத்தில், ‘எனக்குத் தூக்கம் வராது. தயவுசெய்து வேண்டாம்’ என்று எழுதிச் சுவரில் ஒட்டினாள். மரிஸ்கா அதைப் பிய்த்தெடுத்து மைக்கில் படித்தாள்.

“‘எனக்குத் தூக்கம் வராது.’ கேட்டீங்களா? இன்னும் கம்பமே நடல, அதுக்குள்ள ஒருத்தரோட தூக்கத்தை இந்தப் படைப்பு பறிச்சிருக்கு. கலைன்னா அதுதானே வேலை? எண்பது வருஷமா நாம சுகமாத் தூங்கிட்டோம், நண்பர்களே. இந்தம்மா நம்மை எழுப்புறாங்க.”

மண்டபம் கைதட்டியது. பக்கத்திலிருந்தவர் ரோசெட்டாவின் முதுகில் தட்டி, அருமையாகச் சொன்னீர்கள் என்றார். மாலை முடிவில் சீட்டுகளை எண்ணி, நாற்பத்தொரு ஆதரவுகள் என்று அறிவித்தார்கள். கவலைகளும் ஈடுபாட்டின் அடையாளம் என்பதால் ஆதரவில் சேர்க்கப்பட்டிருந்தன.

பிப்ரவரி பதினேழாம் தேதி ரோசெட்டா முறைப்படி ஆட்சேபக் கடிதம் எழுதினாள். தேதி, முகவரி, பொருள், மூன்று பத்தி, கையொப்பம், நகல் ஒன்று அலமாரியில். பத்தொன்பது நாளில் பதில் வந்தது.

‘மதிப்பிற்குரிய திருமதி வென்னிங்க், தங்கள் ஆட்சேபம் மிகுந்த கவனத்துடன் படிக்கப்பட்டது. ஆட்சேபிப்பதற்கான ஆறு வாரம் டிசம்பர் 20-ல் தொடங்கி ஜனவரி 31-ல் முடிந்துவிட்டது. அந்த ஆறு வாரமும் தங்களை வீணாகக் கலக்கமடையச் செய்யக் கூடாது என்ற அக்கறையினாலேயே தங்களுக்குப் பிப்ரவரியில் தெரிவித்தோம். எனினும், போர்க்காலத்தில் மறைந்திருந்தவர்களுக்கு மட்டும் காலக்கெடு இல்லை. தாங்கள் அவ்வாறு இருந்திருப்பின், மறைந்திருந்த காலம் முழுவதும் அம்முகவரியில் குடியிருந்ததற்கான அன்றைய குடிப்பதிவுச் சான்றை இணைத்து அனுப்பவும்.’

ரோசெட்டா வாழ்க்கையில் எழுதிய மிகச் சிறிய கடிதம் அன்று எழுதியதுதான்: ‘பதிவு செய்திருந்தால், இந்தக் கடிதத்தை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.’

மார்ச் இருபத்தைந்தாம் தேதி ஒரே தபாலில் இரண்டு உறை வந்தது. முதல் உறையில், சான்று இணைக்கப்படாததால் தங்களை மறைந்திருந்தவராகக் கருத இயலவில்லை என்று வருத்தம். வீட்டில் நால்வர் மறைந்திருந்ததில் மட்டும் ஐயமில்லை. அதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் கோப்பில் உள்ளது, அதாவது முப்பது வருடம் முன்பு பள்ளிப் பிள்ளைகளுக்குத் திருமதி ரோசெட்டா வென்னிங்க் அளித்த பேட்டி. இரண்டாவது உறை, பொன்னிற எழுத்தில்: ஊரில் உயிரோடிருக்கும் கடைசி மறைந்திருந்தவர் என்ற முறையில் தாங்கள் விழாவின் கௌரவ விருந்தினர். பொத்தானைத் தாங்களே அழுத்த வேண்டும்.

லம்மெர்ட் இரண்டையும் சமையல் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

“அத்தை, இது ஒரே ஆபீஸா?”

“ஒரே ஆபீஸ்தான். இது முதல் மாடி. இது ரெண்டாவது மாடி.”

“நடுவுல படிக்கட்டு இல்ல போல.”

ஏப்ரல் எட்டாம் தேதி கம்பம் வந்தது. அன்று மாலையே சோதனை ஓட்டம். ரோசெட்டா கறுப்புத் துணியை இழுத்துவிட்டுப் படுத்தாள். வெளிச்சம் துணியின் நெசவுக்குள் புகுந்து, அறை முழுக்கச் சல்லடை போட்டதுபோல் நின்றது. துணிக்கு மேல் கம்பளி. கம்பளிக்கு மேல் டெர்க்கின் பழைய ஓவர்கோட்டு. அப்படியும் ஓரங்களில் கத்திபோல் நுழைந்தது. கண்ணை மூடினால் இமை சிவப்பாகத் தெரிந்தது.

நான்காம் நாள் ட்யாலிங் என்கிற கலைஞர் நேரில் வந்தார். ஜன்னலில் தொங்கிய ஓவர்கோட்டைப் பார்த்து நெஞ்சில் கைவைத்துக்கொண்டார்.

“என் படைப்பு கம்பத்துல முடியல, மேடம். அது இந்தக் கண்ணாடிக்குள்ள வந்து, உங்க கட்டில்ல முடியுது. நடுவுல துணியத் தொங்கவிடறது, ஒரு ஓவியத்து மேல சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி. சட்டப்படியே தப்பு.”

“அது என்னோட கட்டில், தம்பி.”

“அதான் அதோட அழகே.”

“எனக்கு இருட்டு வேணும். இருட்டுதான் எங்களக் காப்பாத்துச்சு.”

ட்யாலிங் சட்டென்று நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. “இன்னொரு தடவ சொல்லுங்க,” என்றார். அடுத்த வாரம் கம்பத்தின் அடியில் பித்தளைப் பலகை ஏறியது: ‘வெளிச்சமே எங்களைக் காப்பாற்றியது. – இவ்வீட்டில் மறைந்திருந்த ஒருவர்.’ ரோசெட்டா கேட்டதற்கு, ஆசிரியர் குழு நம்பிக்கையின் பக்கம் சற்றுத் திருத்தியது என்றார்கள். கறுப்புத் துணியை இரண்டு பேர் வந்து நன்றாக மடித்து, ரசீது கொடுத்து எடுத்துப்போனார்கள்.

கீழ் அறையில் படுத்துப் பார்த்தாள். படிக்கட்டு வழியாக வெளிச்சம் இறங்கி வந்தது. லம்மெர்ட் வீட்டில் படுத்துப் பார்த்தாள். பக்கத்து வீடு என்பதால் அங்கும் சுவரெல்லாம் வெள்ளை. பதினோராம் நாள் அறக்கட்டளையிலிருந்து ஆறுதல் பொதி ஒன்று வந்தது. மூலிகைத் தேநீர், காதுக்கு வைக்கும் பஞ்சு, கண்ணை மூடிக் கட்டிக்கொள்ளும் பட்டை. பட்டையில் ‘வெளிச்சத்துக்கு வாருங்கள்’ என்று அச்சிட்டிருந்தது. கட்டிக்கொண்டு படுத்தாள். கண்ணில் கையை வைத்து அழுத்தியதுபோல் இருந்தது. அலமாரிக்குப் பின்னால் இருந்த நாட்களில் அவள் அழப்போகிறாள் என்று தெரிந்தால் அம்மா அப்படித்தான் வாயில் கை வைப்பாள். பட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு உட்கார்ந்தே விடியவைத்தாள்.

பதினான்காம் நாள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு எதற்கு வைத்தோம் என்று மறந்து நின்றாள். பதினாறாம் நாள் படியில் தவறி விழுந்தாள். இடுப்பு தப்பியது, முழங்கை கறுத்துப்போனது. நகராட்சியின் முதியோர் நலப் பிரிவு உடனே அக்கறை காட்டியது. வீட்டில் தூங்க முடியாதவர்களுக்குக் காப்பகத்தில் அறை உண்டு, தானாக மூடும் திரைச்சீலையோடு. அறக்கட்டளை இந்த யோசனையை வரவேற்றது. காலியாகும் வீடு பார்வையாளர் மையமாகும்.

“இங்கேயிருந்து என்னை ஜெர்மன்காரனாலயே கிளப்ப முடியல,” என்றாள் ரோசெட்டா. குரலில் வீம்பு இல்லை. “லம்மெர்ட், ஒரே ஒரு ராத்திரி. ஒரு ராத்திரி இருட்டா இருந்தாப் போதும். அப்புறம் என்ன வேணா பண்ணட்டும்.”

அன்று மாலை லம்மெர்ட், மாட்டுத் தீவனத்தை மூடும் கறுப்பு பிளாஸ்டிக்கை எடுத்துக்கொண்டு, ஏணி வைத்து ஏறி, விளக்கின் தலையில் கட்டினான். பதினெட்டு நிமிடம் இருட்டாக இருந்தது. ரோசெட்டா அதில் பன்னிரண்டு நிமிடம் தூங்கினாள். பதினெட்டாம் நிமிடம் இரண்டு போலீஸ் வண்டிகள் வந்தன.

மறுநாள் பத்திரிகையில் ‘நினைவுச் சின்னம் இழிவு’ என்று வந்தது. நகர மன்றம் அவசரமாகக் கூடியது. மேயர் பதவிச் சங்கிலியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பேசினார்:

“நேற்று யாரோ ஒருவர் இந்த ஊரில் இருட்டை விரும்பியிருக்கிறார். அந்த நபருக்கு நான் சொல்கிறேன், நாங்கள் பணிய மாட்டோம். மறைந்திருந்தவர்களின் பெயரால், ஒளியின் அளவை இன்றிலிருந்து இரட்டிப்பாக்குகிறோம். மேலும் அந்த வீட்டில் வசிக்கும் அம்மையாரின் பாதுகாப்புக்காக ஒரு கேமராவும் வைக்கிறோம். இனி அவர் வாசலைத் தாண்டினால்கூட எங்களுக்குத் தெரியும். அவர் தனியாக இல்லை.”

லம்மெர்ட்டுக்கு அறுபது மணி நேர சமூகப் பணி விதித்தார்கள். கம்பத்தின் அடியில் பித்தளையைத் துடைக்கும் பணி.

மே நான்காம் தேதி ஞாயிற்றுக்கிழமை வந்தது. ரோசெட்டா ஒழுங்காகத் தூங்கி இருபத்தாறு நாளாகியிருந்தது. தொலைக்காட்சிக்காரர்கள் அளவு பார்ப்பதற்காக விளக்கைப் பகலிலேயே எரியவிட்டிருந்தார்கள். தெருவில் நாற்காலி போடும் சத்தம். நான்கு மணிக்கு நீல நிற உடையை உடுத்திக் கட்டிலில் உட்கார்ந்தாள். அறை வெள்ளையாக நின்றது. சுவரும் போர்வையும் தன் கையும் ஒரே வெள்ளை. எங்கே பார்த்தாலும் யாரோ தன்னைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

எழுந்து துணி அலமாரியைத் திறந்தாள். போர்வைகளை ஒதுக்கினாள். பின்பலகை, கீழே அழுத்தி இடப்பக்கம் தள்ளினால் நகரும். கை அதை மறக்கவில்லை. எண்பது வருடமாக அதற்குள் அவள் போனதில்லை. டெர்க் குளிர்காலக் கம்பளிகளைப் போட்டுவைப்பான், எடுப்பதும் அவன்தான். அவள் குனிந்து, முழங்காலில் ஊர்ந்து உள்ளே போய், பலகையைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

இருட்டு.

ஒரு மணி நேரம், என்று நினைத்தாள். ஒரே ஒரு மணி நேரம். நினைத்து முடிப்பதற்குள் தூங்கிப்போனாள்.

காலடிச் சத்தத்தில் விழித்தாள். வீட்டுக்குள் ஆட்கள். பின்கதவை அந்தப் பக்கத்தில் யாரும் பூட்டுவதில்லை.

“மேயர் வந்து பத்து நிமிஷமாச்சு. கௌரவ விருந்தாளியக் காணோம்,” மரிஸ்காவின் குரல் கீழே ஓடியது. “கேமராவுல வெளிய போன மாதிரி இல்ல. அப்ப உள்ளதான் இருக்கா. ஒவ்வொரு அறையாப் பாருங்க. கட்டிலுக்கு அடியில பாருங்க.”

தன்னார்வத் தீயணைப்புப் படையினர் நான்கு பேர். கனத்த பூட்ஸ். படிக்கட்டு ஒவ்வொன்றாக முனகியது. பதிமூன்று படி, ரோசெட்டா எண்ணிக்கொண்டிருந்தாள்.

இதோ இருக்கேன் என்று சொன்னால் போதும். பலகையை நகர்த்தி, தலையை நீட்டி, தூங்கிட்டேன்னு சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள். அவள் வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. கால்கள் தாமாக மடங்கி வயிற்றோடு ஒட்டின. ஒரு கை வந்து தன் வாயையே பொத்திக்கொண்டது.

அலமாரிக் கதவு திறந்தது. டார்ச் வெளிச்சம் பலகை இடுக்கில் வந்து போனது. யாரோ விரல் முட்டியால் தட்டினார்கள்.

“இங்க சத்தம் வேற மாதிரி இருக்கே. பின்னாடி என்ன?”

“லம்மெர்ட், உனக்கு இந்த வீடு தெரியுமே,” என்றாள் மரிஸ்கா. “இதுக்குப் பின்னாடி ஏதாவது இருக்கா?”

லம்மெர்ட் அங்கே நிற்கிறான் என்பதே ரோசெட்டாவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

“பழைய புகைபோக்கி,” என்றான். “எழுபத்தெட்டுல நானும் டெர்க்கும் சேர்ந்து மூடினோம். சும்மா வெற்றிடம். உடைச்சா கரிதான் கொட்டும்.”

“நல்லாத் தெரியுமா?”

“நானே செங்கல் வெச்சேன்னு சொல்றேனே.”

அப்போது தேவாலய மணி எட்டு அடித்தது. எல்லாச் சத்தமும் நின்றது. பூட்ஸ் நின்றது, கீழே பேச்சு நின்றது, தெருவில் குழந்தைகூட அடங்கியது. மே நான்காம் தேதி எட்டு மணிக்கு நாடே இருந்த இடத்தில் இரண்டு நிமிடம் அசையாமல் நிற்கும். ரயில்கூட வழியில் நின்றுவிடும். ரோசெட்டாவுக்குத் தெரியும், வருடா வருடம் அவளும் நின்றவள்தான். தெரிந்து என்ன. அன்று ஜெர்மன்காரர்கள் வந்தபோது பயம் பூட்ஸ் சத்தத்தில் இல்லை. நடக்கிறவனுக்கு எதுவும் கேட்காது. மூன்றாவது சோதனையில் அவர்கள் திடீரென்று நின்றார்கள். இதே மாடியில், நான்கு பேர், மூச்சுச் சத்தம் வருகிறதா என்று காது கொடுத்து நின்றார்கள். எல்கன் மாமா சட்டைக் கையை வாய்க்குள் திணித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, இருமலை விழுங்கினார்.

பலகைக்கு அப்பால் ஒருவர் மூக்கால் விடும் மூச்சு கேட்டது. ரோசெட்டா மூச்சை நிறுத்தினாள். முப்பது வரை எண்ணினாள். காது அடைத்தது. கொஞ்சம் விட்டு, கொஞ்சம் வாங்கி, மறுபடி நிறுத்தினாள். அவளுடைய நினைவாக மௌனம் காக்கிறவர்களுக்குக் கேட்டுவிடாமல்.

வெளியே எக்காளம் ஊதியது. எல்லாரும் தொண்டையைச் செருமிக்கொண்டார்கள்.

“எவ்வளவு அழகான மௌனம்,” என்று கிசுகிசுத்தாள் மரிஸ்கா. “வாங்க, இங்க யாரும் இல்ல. பொத்தானை மேயரே அழுத்தட்டும்.”

பூட்ஸ்கள் இறங்கின. ஒலிபெருக்கியில் மேயரின் குரல் வந்தது. இந்த ஊரில் இனி யாரும், என்றைக்கும், ஒளிந்துகொள்ள வேண்டியதில்லை என்றார். பிறகு விளக்கு அதன் முழு அளவில் எரிந்தது. ஜன்னல் வழியே, திறந்து கிடந்த அலமாரி வழியே, பலகை இடுக்கு வழியே வந்து, ரோசெட்டாவின் முழங்காலிலிருந்து கழுத்து வரை ஒரு வெள்ளைக் கோடு போட்டது. அவள் நகர்ந்தாள். நகர இடமில்லை.

ஒரு காலடி கேட்டது. கோடு அணைந்தது.

லம்மெர்ட் இறங்கிப் போகவில்லை. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, அலமாரிக்கு நேரே, கையிரண்டையும் அகல விரித்து வெளிச்சத்தில் நின்றான். தெருவில் முதலில் ஒரு முனகல் எழுந்தது. பிறகு கைதட்டல். ஒளி வெள்ளத்துக்கு நடுவே ஜன்னலில் ஒரு மனிதனின் முதுகு, விரித்த இரண்டு கை. அதையும் படைப்பின் பகுதி என்றே எடுத்துக்கொண்டார்கள். ட்யாலிங் அழுதுகொண்டே, இதைத்தான், இதைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன் என்று யாரிடமோ சொல்வது மைக்கில் கேட்டது. இது தினமும் இருக்குமா என்று மேயர் கேட்டார்.

உள்ளே ரோசெட்டா வாயிலிருந்து கையை எடுத்தாள். லம்மெர்ட்டுக்கு ஒரு முழங்கால் இரும்பு, நின்றால் வீங்கும். எவ்வளவு நேரம்டா நிற்பாய் என்று கேட்க நாக்கு வரை வந்தது. கேட்கவில்லை. கண்ணை மூடினாள்.

விடிய இன்னும் பத்து மணி நேரம் இருந்தது.